பொருட்டடைக் காலத்து வானொலியும் குறியெழுத்தும்

இலங்கையின் ஒலிபரப்பு வரலாறு பழைய உறுப்புக்களைக் கொண்டு கட்டிய ஒரு கருவியோடு தொடங்குகிறது. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுக்களின் ஒலி வான்வழியே பரப்பப்பட்டது. அதனைப் பரப்பிய கருவியைத் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு அமைத்தனர். அம்முயற்சிக்குத் தலைநின்றவர் எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர். ஈராண்டு கழித்து, 1925 டிசெம்பர் 16ஆம் நாள், தேசாதிபதி ஹியூ கிளிபட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். பகைவனின் கப்பலுக்கெனச் செய்யப்பட்ட ஓர் உறுப்பு இன்னது, இவ்வளவு மின்னைத் தாங்குவது என்று அறியாமல் அதனை வேறொரு கருவியிற் பொருத்துதல் இயலாது. ஆகவே இந்நாட்டு ஒலிபரப்பின் முதல் வேலைகளுள் ஒன்று, ஊரும் பேரும் அறியாத உறுப்பை இனங்காணும் வேலையாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அவ்வேலை எழுபது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மீண்டும் தலையெடுத்தது. இம்முறை அதனைச் செய்தோர் அரசாங்கப் பொறியியலாளர் அல்லர். சந்திகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இருந்து றேடியோத் திருத்தியோர்.

1990 ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோயிற்று. எரிபொருள், சீமெந்து, உரம் முதலான பல பொருள்கள் அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் ஏறின. உலர்மின்கலமும், அதாவது றேடியோவுக்கும் கைவிளக்குக்கும் இடும் சிறு பற்றறியும், அப்பட்டியலில் ஒன்று. சிறிதளவு மண்ணெண்ணெயைப் பழைய ஜாம் போத்தலில் இட்டுத் திரி கொளுத்திய விளக்கொளியிலே பிள்ளைகள் படித்தனர். மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. செய்தித்தாள்கள் கிடைத்த தாளில் அச்சாயின. அத்தகைய நாளில், வெளியுலகில் என்ன நிகழ்கின்றது, கொழும்பிலும் வன்னியிலும் உள்ள உறவினர் நலமாக உள்ளனரா, பாதை திறக்குமா என்பனவற்றை அறிவதற்கு வானொலியே வழி. இலண்டனிலிருந்து சிற்றலையில் வந்த பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப் பணியும், கொழும்பின் செய்தியும், இந்திய நிலையங்களின் செய்தியும் காதுகொடுத்துக் கேட்கப்பட்டன. வீடு தோறும் பெட்டி இருந்தது. பெட்டிக்கு உயிர் கொடுக்கும் பற்றறி இல்லை.

சைக்கிளை நிறுத்தி, பின்சக்கரம் நிலத்திற் படாதபடி உயர்த்தி, ஒருவர் மிதிக்க, சக்கரத்தோடு உராயும் தைனமோ தந்த மின்னில் றேடியோ பேசிற்று. மிதிப்பவர் களைத்தாற் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். இந்தச் சைக்கிளின் கதை பலராலும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது, அது சொல்லத்தக்கதே. ஆயின் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவில் இருந்த சிறு இணைப்பைப் பற்றிச் சொல்வோர் குறைவு. உண்மையில் வேலை முழுதும் அங்கேதான் இருந்தது.

சைக்கிள் தைனமோ என்பது விளக்கெரிப்பதற்காகச் செய்யப்பட்டது. பொதுவாக 6 வோல்ற்றும் அரை அம்பியரும் தருவது. அதிலிருந்து வருவது ஆடலோட்டம். முன்னும் பின்னுமாக அலைந்து ஓடும் மின். விளக்கின் இழைக்கு அது போதும். றேடியோவுக்கோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். இவ்வலைவை ஒருதிசைப்படுத்த இருவாயி என்னும் உறுப்புக்கள் நான்கு வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருவாயி என்று படித்த பிள்ளையும் கடையிற் போய் டயோட் என்றுதான் கேட்கும். அதன்பின் மின்னின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யக் கொள்ளளவி ஒன்று, அதாவது கொன்டென்சர், வேண்டும். அஃது இல்லையேற் செய்திக்குப் பதிலாக வண்டு இரைவது போன்ற ஓசையே கேட்கும்.

நான்கு டயோட்டும் ஒரு கொன்டென்சரும் சமாதான காலத்திற் சில ரூபாய்ப் பெறுமதி. புதிய சரக்கு வருவது அரிதாகிய காலத்திலோ, பழுதான தொலைக்காட்சிப் பெட்டியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பிரித்து எடுத்தாலன்றி அவை கைக்கு எட்டா. அப்படி எடுத்த உறுப்பின்மேல் மங்கிய மையில் நாலைந்து எழுத்தும் எண்ணும் இருக்கும். அவற்றை அச்சிட்ட தொழிற்சாலைக்காரன், சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ ஒருவர் ஜாம் போத்தல் விளக்கடியில் அவற்றை உற்றுப் பார்ப்பார் என்று எண்ணியிருக்கமாட்டான்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கரிய உடலும் ஓரத்தில் வெள்ளி வளையமும் கொண்ட டயோட்டில் 1என்4007 என்று இருந்தால் அஃது ஓர் அம்பியரைத் தாங்கும் மின்திருத்தி. அவ்வரிசை 4001 முதல் 4007 வரை உள்ளது. கடைசி எண் கூடக் கூட, தாங்கும் வோல்ற்று 50 முதல் 1000 வரை உயரும். தைனமோ வேலைக்கு அவற்றுள் எதுவும் தகும். அதே பெட்டியிற் கண்ணாடி உடலோடு சிறிதாக இருக்கும் 1என்60, ஓஏ79 போன்றவையும் டயோட்டுக்களே. ஆனால் அவை வானலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் நுண்ணிய பணிக்கு உரியவை. தைனமோவின் அரை அம்பியர் அவற்றிற் பாய்ந்தாற் கருகிவிடும். அப்பொழுது இழப்பு இரண்டு: இணைப்பும் வேலை செய்யாது, மற்றொரு பெட்டியைப் பேசவைத்திருக்கக்கூடிய உறுப்பும் போய்விடும். வளையம் உள்ள முனையே எதிர்வாய் என்பதை மறந்து திருப்பிப் பொருத்தினாலும் கேடுதான். கொன்டென்சரிலும் அவ்வாறே. அதன் உடலில் எழுதிய 16 வோல்ற்று, 10 வோல்ற்று என்பது வெறும் விளம்பரம் அன்று. தைனமோ சுமையின்றி விரைந்து சுழலும்போது 6 வோல்ற்றையும் கடந்து வெகுவாக ஏறும். அப்பொழுது தாங்காத கொன்டென்சர் வெடிப்பதும் உண்டு.

இக்குறிகள் எங்கிருந்து வந்தன என்பது தனிக்கதை. உலகம் முழுவதற்கும் ஒரே நெடுங்கணக்கு இருந்திருந்தால் இனங்காணல் எளிதாகியிருக்கும். அப்படி அமையவில்லை. ஐரோப்பாவிலே பிலிப்ஸ், முல்லாட் கம்பனிகள் 1934இல் வால்வுகளுக்கு ஓர் ஒழுங்கான பெயரிடும் முறையை மேற்கொண்டன. முதலெழுத்து வால்வின் இழையைச் சூடாக்கும் மின்னைக் குறிக்கும். அடுத்த எழுத்துக்கள் அதன் தொழிலைக் குறிக்கும். ஈ என்றால் 6.3 வோல்ற்று, டி என்றால் பற்றறிப் பெட்டிக்குரிய 1.4 வோல்ற்று. டிகே96, டிஎப்96, டிஏஎப்96, டிஎல்96 என்னும் நான்கு வால்வுகள் சேர்ந்தால் மின்சாரம் இல்லாத வீட்டுக்கு ஏற்ற ஒரு முழுப்பெட்டி. 90 வோல்ற்றுப் பெரிய பற்றறியோடு ஓடிய அத்தகைய பெட்டிகளை முதிய நேயர்கள் மறந்திரார்.

1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிற்றர் பிறந்தது. ஐரோப்பியக் கம்பனிகள் புதிய குழந்தைக்குப் பழைய முறையிலேயே பெயர் சூட்டின. ஓசி71 என்பதில் ஓ என்பது சுழியத்தைக் குறிப்பது. சூடாக்க இழையே இல்லை என்பது பொருள். சி என்றால் வால்வுக் காலத்து மூவாயி. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லிப் பெயரைத் தொடங்கிய அவ்வழகு தமிழிலக்கணத்து எதிர்மறையை நினைவூட்டுகிறது. ஓசி71இன் கண்ணாடி உடல் கறுப்பு மையாற் பூசப்பட்டிருக்கும். அதன் எழுத்தை வாசிக்கும் ஆவலில் மையைச் சுரண்டினால் உள்ளே ஒளி புகும். புகுந்தால் அது ஒளியை உணரும் வேறொரு கருவியாகவே மாறிவிடும். அதன் மூன்று காலுள் சேகரிப்பான் எது என்பதை ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். எழுத்து முழுதும் அழிந்த பின்னும் அப்புள்ளி நின்றாற் பாதி வேலை முடிந்தது.

பின்னர் ஐரோப்பியர் முறையைத் திருத்தினர். புதிய முறையில் முதலெழுத்து ஏ என்றால் ஜேர்மேனியம், பி என்றால் சிலிக்கன். இரண்டாம் எழுத்து தொழில். ஏசி128 என்றால் ஜேர்மேனியத்தாலாகிய, ஒலியலை பெருக்கும் திரான்சிற்றர். பிஎப் என்று தொடங்கினால் வானலைக்குரிய சிலிக்கன். பிவை127 என்றால் சிலிக்கன் மின்திருத்தி. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிறைய உண்டு. இம்முறையை அறிந்தவருக்கு உறுப்பின் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடும். அமெரிக்கர் முறையோ நேர்மாறு. 1என் என்றால் டயோட், 2என் என்றால் திரான்சிற்றர். பின்வரும் எண் பதிவேட்டில் இடம்பெற்ற வரிசையேயன்றி வேறில்லை. பிறந்த குழந்தைகளுக்கு எல்லாம் பெயரிடாமற் பதிவிலக்கம் மட்டும் கொடுத்தது போல. அட்டவணைப் புத்தகம் கையில் இல்லாதவனுக்கு அவ்வெண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

யப்பானியர் முறைதான் குடாநாட்டுக்கு மிக வேண்டியது. ஏனெனில் வீடுகளில் இருந்த சிறிய பெட்டிகளிற் பல அங்கிருந்து வந்தவை. 2எஸ்ஏ, 2எஸ்பி என்று தொடங்குவன ஒருவகை மின்னோட்டத்துக்குரியன. 2எஸ்சி, 2எஸ்டி என்று தொடங்குவன அதற்கு எதிரானவை. இது தெளிவாகவே இருக்கிறது. ஆயின் அவர்கள் இடத்தை மிச்சம்பிடிக்க, முன்னுள்ள 2எஸ் என்பதை உறுப்பின்மேல் அச்சிடுவதில்லை. சி945 என்று மட்டும் எழுதியிருந்தாற் பொருள் 2எஸ்சி945 என்பதே. பி77 என்றிருந்தால் அது 2எஸ்பி77, அது ஜேர்மேனியம். ஐரோப்பிய முறையில் பி என்பது சிலிக்கனைக் குறித்ததை நேயர்கள் நினைவிற் கொள்க. ஒரே எழுத்து, ஒரு நாட்டில் ஒரு பொருள், மறுநாட்டில் அதற்கு மாறான பொருள்! எழுத்தை அறிவது வேறு. எந்த மொழியின் எழுத்து என்பதை அறிவது வேறு.

இதனினும் நுண்மையானது கால்களின் ஒழுங்கு. சி945க்குப் பதிலாக ஐரோப்பிய பிசி547 பெரும்பாலான இடங்களிற் பொருந்தும். இரண்டும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஆனால் தட்டையான முகம் நம்மை நோக்கக் கால்கள் கீழே நிற்கும்படி பிடித்தால், பிசி547இல் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என்று வரும். சி945இல் காலி, சேகரிப்பான், அடி என்று வரும். பெயர் தெரிந்தும் இவ்வொழுங்கு தெரியாதவர் புதிய உறுப்பைப் பழைய துளைகளில் அப்படியே இட்டுப் பற்றாசு வைத்தால், பெட்டி வாய் திறவாது. மின்சாரம் இல்லாத இடத்தில் ஒரு தவறைத் திருத்துவதும் சிறு காரியம் அன்று. பற்றாசுக்கோலைச் சிரட்டைக் கரித் தணலில் மறுபடியும் காய்ச்சி எடுக்கவேண்டும்.

குறி மயக்கத்துக்கு இன்னொரு சான்று. தொழிற்சாலைகள் உறுப்பின்மேல் அது செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் நான்கு எண்ணிற் பொறிப்பதுண்டு. 7806 என்ற எண்ணை ஒருவர் காண்கிறார். அது 6 வோல்ற்றுக்கு மேல் விடாது காக்கும் மின்சீராக்கியின் பெயர். சைக்கிள் தைனமோவோடு போராடுபவனுக்குப் புதையல் போன்றது. அதுவே 1978ஆம் ஆண்டின் ஆறாம் வாரத்திற் செய்யப்பட்டது என்ற நாட்குறிப்பாகவும் இருக்கலாம். முடிவு செய்வது எங்ஙனம்? மூன்று கால் உண்டா, எண்ணுக்கு முன் எழுத்து உண்டா, அதனருகே வேறொரு வரி உண்டா, எடுத்த இடத்தில் அஃது என்ன பணி செய்துகொண்டிருந்தது என்று பார்த்துத்தான் முடிவு செய்தல் கூடும்.

தடைகளின் நிறக்கோடுகளைப் பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. கறுப்புச் சுழியம் முதல் வெள்ளை ஒன்பது வரையான அவ்வரிசையைப் பாடசாலை மாணவரும் மனனம் செய்திருப்பர். ஒன்று மட்டும் சொல்லலாம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4700 ஓம். மறுமுனையிலிருந்து படித்தால் 270000 ஓம். இரண்டும் சந்தையில் உள்ள அளவுகளே. ஆகவே தவறு தானாக வெளிப்படாது. ஓரத்துப் பொன்வளையம்தான் எது கடைசி என்று காட்டும். சூட்டிற் கருகிய தடையிலே சிவப்பும் கபிலமும் செம்மஞ்சளும் ஒன்றுபோலாகிவிடும். மூன்றாம் கோட்டில் அம்மயக்கம் நேர்ந்தால் விடை பல மடங்கு ஏறும் அல்லது இறங்கும்.

எழுத்தை நம்பாமல் அளந்து பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். பல்மானி என்னும் சோதனைக்கருவியால் டயோட்டின் திசையையும், திரான்சிற்றரின் வகையையும் காலையும் கண்டுவிடலாம். ஆனால் முள் அசையும் பழைய பல்மானி, வோல்ற்றை அளக்கப் பற்றறி வேண்டாமாயினும், தடையை அளக்கவும் டயோட்டைச் சோதிக்கவும் தன் வயிற்றுள் ஒரு பற்றறியை வேண்டி நிற்கும். அப்பற்றறியும் தடைப்பட்டியலிற் சேர்ந்ததே! உறுப்பைச் சோதித்தறியும் வழி எது தடையினால் அடைபட்டதோ அதுவே, உறுப்பின்மேல் எழுதியிருப்பதை வாசித்தறியும் கலையை முன்னுக்குக் கொண்டுவந்தது. மங்கிய எழுத்தின்மேல் வாயால் ஆவி ஊதிச் சாய்வொளியிற் பிடித்தால், மை போன இடமும் சிறிது நேரம் தெரியும். முல்லாட் வால்வின் வெள்ளையெழுத்து துடைத்தால் அழிந்துவிடும். எனினும் கண்ணாடியின் அடியோரத்திற் பொறித்த சிறு குறி அழியாது. அதில் பி என்றால் பிளக்பேண் தொழிற்சாலை, ஆர் என்றால் மிச்சம் தொழிற்சாலை. இவையெல்லாம் திருத்துவோர் உலகெங்கும் கையாளும் உபாயங்கள்; வசதி உள்ள ஊரில் அவை பொழுதுபோக்கு, வசதியற்ற ஊரில் வயிற்றுப்பாடு.

குடாநாட்டு மண்ணிலேயே இதற்கு ஒப்பான இன்னொரு வாசிப்பு நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடல் பொருந்தும். 1980இல் ஆனைக்கோட்டையிலே பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றை, பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு வரி. கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள் மூன்று. அவை கோவேத என்று வாசிக்கப்பட்டன. மேல்வரியிலும் மூன்று குறிகள். அவை பிராமி அல்ல, அக்காலத்து மட்கலங்களிற் கீறப்பட்டிருக்கும் குறியீடுகளைப் போன்றவை. இரண்டு வரியும் ஒரே பெயரையே சொல்கின்றனவா என்று அறிஞர் ஆராய்ந்தனர். மேல்வரியின் ஒலி இன்றும் முடிந்த முடிபாகவில்லை. திரான்சிற்றரிலும் இப்படி இரு வரி காணப்படும். ஒரு வரி உலகறிந்த எண். மற்றது பெரிய கம்பனிகள் தம் சொந்தக் கணக்குக்கென இடுவித்த உள்ளெண். அவ்வுள்ளெண் மட்டும் எஞ்சிய உறுப்பு, அக்கம்பனியின் ஏட்டைக் காணாத எவருக்கும் ஆனைக்கோட்டையின் மேல்வரியே. அங்கே வாசிப்பு நின்றுவிடும். சுற்றின் அமைப்பைக் கொண்டு உய்த்துணர்தல் தொடங்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிச் சென்ற அப்பயணத்திலே, பிரித்த பெட்டிகளும் டப்பாக்களில் வகைபிரித்து வைத்த உறுப்புக்களும் எத்தனை கடைகளில் விடப்பட்டன என்பதற்குக் கணக்கு இல்லை. அடுத்த ஆண்டிலே திரும்பியோர் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கினர். 2002ஆம் ஆண்டிலே தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, ஏ9 பாதையும் திறந்தபோது, தெற்கிலிருந்து பற்றறியும் புதுப்பெட்டியும் லொறிகளில் வந்து இறங்கின. பழுதான பெட்டியைத் திருத்துவதிலும் புதியதை வாங்குவது மலிவாயிற்று. சைக்கிளை மிதித்துக் கேட்ட பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலோடு முடிந்தது.

இன்றைய உறுப்பு நெல்மணியினும் சிறியது. பலகையின் முகத்தில் ஒட்டியே இருக்கும். முழுப்பெயர் எழுத இடமில்லாமையால் இரண்டு மூன்று எழுத்தே அச்சிடுகின்றனர். பிசி847பி என்னும் திரான்சிற்றரின்மேல் 1எப் என்று மட்டும் இருக்கும். அதே இரண்டெழுத்தை வேறொரு கம்பனி வேறோர் உறுப்புக்கு இடுவதையும் தடுப்பார் இல்லை. திருத்துவோன் உருப்பெருக்குக் கண்ணாடியை அணிந்து, அவ்விரண்டெழுத்தைப் படித்து, பின் அது பலகையில் எதனோடு எதனை இணைக்கிறது என்று கோடு கோடாகத் தொடர்ந்து பார்க்கிறான்.